கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்து

வசந்தகுமாரிக்குத் தலைக்கனம் அதிகம் என்றுதான் அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். நேர் எதிரே வந்து சிரித்தால் அவளும் சிரிப்பாள். பக்கத்திலிருந்து கையசைத்தால் கண்டுகொள்ளாமல் போய்விடுவாள். யாருக்காவது பிறந்தநாள் என்று கேக் வெட்டி, தட்டை அவள் தோளருகே நீட்டினால் நீட்டியவர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். அவள் பார்வை கணினித் திரையைவிட்டு நகராது. சாயங்காலம் வெளிச்சம் மங்குவதற்குள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ராத்திரி எல்லோருமாக ஹோட்டலுக்குப் போகலாம் என்று கூப்பிட்டால் ஏதாவது ஒரு சாக்கு சொல்லுவாள். கொஞ்ச காலத்தில் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

அவளுக்குப் பக்கவாட்டில் எதுவுமே தெரிவதில்லை என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

முப்பத்து நான்கு வயதில், கரண்ட் போன ஒரு மாலையில், தான் குடியிருக்கும் வீட்டு மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்தாள். காலில் கட்டுப் போட்ட டாக்டர்தான், "இருட்டில் உங்களுக்கு எப்போதுமே இப்படித்தானா?" என்று சந்தேகப்பட்டுக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். விழித்திரை நோய் என்றார்கள். முதலில் இருட்டுப் பார்வை போகும். பிறகு ஓரங்கள் போகும். கடைசியில் நடுப்பகுதி. எவ்வளவு காலம் என்று கேட்டபோது அந்தப் பெண் டாக்டர், "ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி" என்று மட்டும் சொன்னார். மருந்து என்று எதுவும் எழுதித் தரவில்லை. அதைவிடத் தெளிவான பதில் வேறு வேண்டுமா என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று. ஒரு குழாயைக் கண்ணில் வைத்துப் பார்ப்பதுபோல நேர் எதிரில் இருப்பது மட்டும் தெரிகிறது. அதிலும் வெள்ளைத் திரையில் சின்னக் கறுப்பு எழுத்து என்றால் கண் கூசி, எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கறுப்புப் பின்னணியில் பெரிய மஞ்சள் எழுத்து இருந்தால் பிழைத்தாள்.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. திருச்சியில் இருக்கும் தம்பி பாலச்சந்திரனிடம்கூடச் சொல்லவில்லை. அவனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு வரன் பார்க்கிறார்கள். குடும்பத்தில் இப்படி ஒரு கண் நோய் இருக்கிறது, அது வழிவழியாக வரும் நோய் என்று வெளியே தெரிந்தால் அந்தப் பெண்களை யார் கேட்டு வருவார்கள்? அவளுக்கே கல்யாணம் தள்ளிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சே நின்றுவிட்டிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்காவது நல்லபடியாக நடக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அலுவலகம், அவள் பிழைக்க வந்த தெலுங்கு ஊரில், நாச்சாரம் என்ற தொழிற்பேட்டைப் பகுதியில், ஒரு பெயிண்ட் கிடங்குக்கு மேலே இரண்டாவது மாடி. முப்பது பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனி. மாத்திரை செய்யும் தொழிற்சாலைகளில் பரிசோதனைக்கூடம் என்று ஒன்று இருக்கும். அங்கே இருக்கும் கருவிகளிலிருந்து அளவுகளை வாங்கி, வரம்புக்குள் இருக்கிறதா இல்லையா என்று காட்டும் மென்பொருள்தான் இவர்கள் செய்வது. அதன் அடிப்பகுதி முழுக்க சி பிளஸ் பிளஸ் என்ற நிரல்மொழியில் வசந்தகுமாரி எழுதியது. புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோரும் வெப் பக்கம் போய்விடுவார்கள். அடியில் இருக்கும் அந்தக் காட்டுக்குள் நுழைய அவளைத் தவிர ஆள் கிடையாது. அவள் வேலை நிலைத்ததே அதனால்தான்.

அவளுடைய சொந்த மேஜை ஒரு மூலையில், சுவருக்கு முதுகு காட்டி உட்காரும்படி இருந்தது. அங்கே அவள் திரை கறுப்பும் மஞ்சளுமாக இருந்தாலும் அதிகம் யார் கண்ணிலும் படாது. சிக்கல் மற்ற கணினிகளில்தான். சோதனை அறையில் எல்லோருக்கும் பொதுவாக எட்டுக் கணினிகள். அதுபோக வாடிக்கையாளர்களின் பரிசோதனைக்கூடங்களுக்கும் போக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் உட்கார்ந்து, அமைப்புகளைத் தேடித் திறந்து, நிறத்தை மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாகப் பழையபடி வைக்க நேரமாகும். பக்கத்தில் நிற்பவர் "என்ன பண்றீங்க?" என்று கேட்பார்.

அதற்காக அவள் ஒரு சின்ன நிரல் எழுதினாள். விண்டோஸ் தன்னுடைய வழக்கங்களையெல்லாம் ரெஜிஸ்ட்ரி என்ற ஓரிடத்தில் குறித்து வைத்திருக்கிறது: திரையின் நிறம், எழுத்தின் அளவு, கர்சரின் தடிமன், மௌஸ் அம்பின் பருமன், எல்லாம். நிரல் முதலில் அங்கே போய், அந்தக் கணினியில் ஏற்கனவே இருப்பவற்றைப் படித்து வைத்துக்கொள்ளும். பிறகு அவளுக்கு வேண்டியவற்றை எழுதும். அவள் வேலை முடித்து நிரலை மூடும்போது, படித்து வைத்திருந்த பழையவற்றைத் திரும்ப எழுதிவிட்டுப் போகும். அவள் வந்துபோன சுவடே இருக்காது.

கேட்பதற்கு எளிது. எழுதியபோது படாதபாடு பட்டாள். சில மதிப்புகள் எண்ணாக இருக்கும். சில பார்வைக்கு எண்ணாக இருந்தாலும் எழுத்தாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்தை எதிர்பார்க்கும் இடத்தில் எண்ணை எழுதிவிட்டால் விண்டோஸ் திட்டவும் செய்யாது, கேட்கவும் செய்யாது, பேசாமல் இருந்துவிடும். எழுதினால் மட்டும் போதாது, 'மாற்றியிருக்கிறேன், எல்லோரும் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஓடிக்கொண்டிருக்கும் சாளரங்களுக்கெல்லாம் அறிவிக்கவும் வேண்டும். இதையெல்லாம் ஒவ்வொரு ஞாயிறாக உட்கார்ந்து கண்டுபிடித்தாள். ஒருநாள் நிரலை ஓட்டியதும் திரை ஒரு கணம் இருண்டு, கறுப்பில் மஞ்சளாக எழுத்துகள் எழுந்து நின்றன. எழுந்து கைதட்ட வேண்டும்போல இருந்தது. தான் எழுதியதிலேயே நல்ல நிரல் இதுதான் என்று தோன்றியது. யாரிடமும் காட்ட முடியாது. ஒரு பென் டிரைவில் போட்டுச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டாள்.

சபீனா கம்பெனிக்கு வந்தது போன வருடம். வாணியம்பாடிப் பெண். கணவனுக்கு உப்பல் பக்கம் வேலை. அலுவலகத்தில் தமிழ் பேச ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் முதல் நாளே வசந்தகுமாரி முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க தமிழாமே! இந்த ஊர்ல வந்து தெலுங்கும் இந்தியுமா நாக்கே செத்துப்போச்சு எனக்கு. மத்தியானம் சேந்து சாப்பிடலாமா?"

வசந்தகுமாரிக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சேர்ந்து சாப்பிட்டால் சேர்ந்து நடக்க வேண்டும். கூட நடப்பவளுக்கு இரண்டே நாளில் தெரிந்துவிடும். "எனக்கு வேலை இருக்கும் சபீனா, நீங்க சாப்பிடுங்க" என்றாள். சபீனா சளைக்காமல் கொஞ்ச நாள் கூப்பிட்டுப் பார்த்தாள். ஆட்டோவில் சேர்ந்து போகலாமா என்றாள். பிறகு ஒருநாள் தங்கையின் கல்யாணப் பத்திரிகையோடு வந்து, வசந்தகுமாரியின் வலது பக்கமாக நின்று நீட்டினாள். வசந்தகுமாரி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சபீனா ஒரு வார்த்தை பேசாமல் பத்திரிகையை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வசந்தகுமாரி அதைப் பார்த்தது மறுநாள், தண்ணீர் பாட்டிலைத் தேடிக் கை துழாவியபோது. அதற்குப் பிறகு சபீனா அவளை 'மேடம்' என்றுதான் கூப்பிட்டாள்.

டிசம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை இரண்டு பேரும் மல்லாபூருக்குப் போனார்கள். அங்கே ஒரு மாத்திரைத் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் மென்பொருளின் புதிய பதிப்பைப் போட வேண்டும். மதியத்துக்கு மேல் சபீனாவைத் தரக்கட்டுப்பாட்டு ஆட்கள் ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். பரிசோதனைக்கூடத்தில் மூத்தவரான ஜேம்ஸ், கருவிகளைக் கழுவப் போனார். வசந்தகுமாரி தனியாகக் கணினி முன்னால் உட்கார்ந்து, பென் டிரைவைச் செருகி, திரையைத் தனக்கு வேண்டியபடி மாற்றிக்கொண்டாள்.

பாதி வேலையில் மின்சாரம் ஒரு வெட்டு வெட்டியது. கணினி அணைந்து மறுபடி எழுந்தது. பழக்க வேகத்தில் அவள் நிரலை மறுபடி ஓட்டினாள். வேலையை முடித்தாள். சன்னலில் வெளிச்சம் சாயத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் தொழிற்சாலை வாசலிலிருந்து ஆட்டோ வரை நடப்பதே திண்டாட்டமாகிவிடும். நிரலை மூடினாள். வழக்கமாக மூடியதும் திரை வெளுத்துக் கண் கூசும். அதற்காகவே முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மூடுவாள். அன்றும் அப்படியே திருப்பிக்கொண்டு, பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். தாழ்வாரத்தில் எதிரே வந்த சபீனாவிடம், "வேலை முடிஞ்சதுன்னு நீங்களே அவங்களுக்கு மெயில் போட்டுருங்க, நான் கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

சனிக்கிழமை காலை முரளி தன் கண்ணாடி அறைக்குச் சபீனாவைக் கூப்பிட்டார். கம்பெனி அவருடையது. அப்பா லாலாகுடா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். முரளி பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான்; அவர் தமிழில் அந்த ஊர் உருது கலந்து வரும். கதவு திறந்தே இருந்ததால் அவர் குரல் வசந்தகுமாரியின் மூலை வரை கேட்டது.

"என்ன பண்ணி வச்சீங்க மல்லாபூர்ல? ஸ்கிரீன் பூரா கறுப்பாம், எழுத்தெல்லாம் மஞ்சளாம். லிமிட் தாண்டின ரிசல்ட்டு சிவப்புல வரணும் இல்ல? அதுவும் மஞ்சளாவே வந்திருக்கு. அந்தப் பெரியவர் பார்க்காம பாஸ் போட்டுட்டார். ரெண்டாவது செக்கிங்ல புடிச்சாங்க, பச் கயே நாம, தப்பிச்சோம். இல்லைன்னா அந்த மாத்திரை வெளிய போயிருக்கும்!"

"நான் செட்டிங்ஸ் பக்கமே போகல சார். நான் மீட்டிங்ல இருந்தேன். மேடம்தான் மெஷின்ல உக்காந்திருந்தாங்க."

"மேடம் பத்து வருஷமா போறாங்க. ஒருநாள் இப்படி ஆனதில்ல. முடிஞ்சதுன்னு மெயில் போட்டது நீங்க, ஹவ் நா, ஆமாதானே?" முரளி எழுந்து வாசலுக்கு வந்தார். "மேடம், நீங்க ஏதாவது மாத்தினீங்களா?"

கறுப்பு, மஞ்சள் என்ற இரண்டு வார்த்தைகளைக் கேட்டபோதே அது தன் நிரல்தான் என்று வசந்தகுமாரிக்குத் தெரிந்துவிட்டது. எப்படி நடந்தது என்று புரியவில்லை. மூடினோமே, மூடினால் பழையபடி ஆகிவிடுமே என்று மனம் அடித்துக்கொண்டது.

"நான் அப்டேட் மட்டும்தான் போட்டேன்" என்றாள்.

அதில் பொய் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அவளால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. சபீனா அந்தக் கணம் அவளைத் திரும்பிப் பார்த்திருப்பாள். அந்தப் பார்வை வந்த திசை அவளுக்குத் தெரியாத ஓரத்தில் இருந்தது.

"சரி. இது கிளியர் ஆகுற வரைக்கும் உங்க வேலை கன்ஃபர்மேஷனை நிறுத்தி வைக்கறேன் சபீனா. நாராஸ் ஆகாதீங்க, கோவிச்சுக்காதீங்க. நானும் அவங்களுக்கு ஏதாவது பதில் சொல்லணும்" என்றார் முரளி.

சபீனா தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கண் குறையக் குறைய வசந்தகுமாரிக்குக் காது கூர்மையாகிவிட்டிருந்தது. அன்றைக்கு அது வேண்டாத வரமாக இருந்தது.

ஞாயிறு காலை, குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் இரண்டாவது மாடி வீட்டில், வெளிச்சம் நன்றாக விழும் சன்னலோரம் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். கீழே தண்ணீர் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நிரலை ஓட்டினாள். கறுப்பும் மஞ்சளும் வந்தன. மூடாமல், மின்சாரம் போனதுபோலக் கணினியை அப்படியே அணைத்தாள். மறுபடி உயிர்ப்பித்து, மறுபடி நிரலை ஓட்டி, இந்த முறை ஒழுங்காக மூடினாள்.

கறுப்பும் மஞ்சளும் போகவில்லை.

நிரலின் வரிகளைப் படிக்கவே தேவையில்லாமல் அவளுக்கு விளங்கிவிட்டது. பழைய மதிப்புகளை நிரல் தன் நினைவில் மட்டும்தான் வைத்திருந்தது. மின்சாரம் போனபோது அந்த நினைவும் போய்விட்டது. இரண்டாவது முறை ஓடியபோது அது ரெஜிஸ்ட்ரியில் படித்தது அவளே முதலில் எழுதி வைத்த மதிப்புகளை. 'இதுதான் இந்தக் கணினியின் பழைய வழக்கம்' என்று நம்பி, மூடும்போது வெகு விசுவாசமாக அவற்றையே திரும்ப எழுதிவிட்டது. முதல் வருடத்தில் கற்றுக்கொள்ளும் பிள்ளை செய்யும் பிழை. இன்னொருவர் ஒரே ஒருமுறை படித்திருந்தால்கூடக் கையை வைத்துக் காட்டியிருப்பார். படிக்க அவள் யாருக்கும் கொடுக்கவில்லை.

நண்பகலில் பாலச்சந்திரன் வழக்கம்போலப் பேசினான்.

"கரூர்லேருந்து ஒரு ஜாதகம் வந்திருக்குக்கா. பையன் பேங்க்ல இருக்கான். அவங்களுக்கும் புடிச்ச மாதிரிதான் இருக்கு. நீ தை மாசம் லீவு போட்டு வந்துரு."

"பார்க்கறேன்டா."

"என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"தூங்கி எழுந்தேன்."

போனை வைத்துவிட்டு நிரலுக்குத் திரும்பினாள். பேசாமல் பிழையைத் திருத்திவிட்டு விட்டுவிடலாம். அடுத்த முறை இப்படி நடக்காது. தொழிற்சாலைக்காரர்களுக்கும் நாளடைவில் மறந்துபோகும். சபீனாவுக்கு மட்டும் மறக்காது. யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போவதும் இல்லை. தான் செய்யாததைச் செய்ததாகச் சுமந்துகொண்டு அந்தப் பெண் எதிர் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அந்த மூக்கை உறிஞ்சும் சத்தம் மறுபடி காதில் கேட்டது.

திங்கட்கிழமை முரளி வந்ததும் வராததுமாக, "சார், சபீனாவையும் கூப்பிடுங்க" என்று சொல்லி உள்ளே போனாள். முரளியின் மடிக்கணினியிலேயே பென் டிரைவைச் செருகினாள். திரை இருண்டு மஞ்சளாக எழுந்ததும் முரளி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"இது நான் எழுதினது. மல்லாபூர்ல இதைத்தான் ஓட்டினேன். சபீனாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"கைக்கு மேடம், ஏன்? கைக்கு இதெல்லாம் அவங்க மெஷின்ல?" முரளியின் குரல் ஏறியது. "அது மருந்து கம்பெனி. ஒரு செட்டிங் மாத்தறதுக்கு நாலு பேர்கிட்ட கையெழுத்து வாங்குவான். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். எனக்குக் கண்ணு தெரியல."

முரளிக்கு முதலில் அது புரியவில்லை. ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, "கண்ணாடி மாத்த வேண்டியதுதானே?" என்றார். அவள் விளக்கினாள். ஒன்பது வருடம் மனத்துக்குள் இருந்த விஷயம், சொல்லி முடிக்க ஐந்தாறு வாக்கியங்களுக்கு மேல் ஆகவில்லை. முரளி மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து எடுத்து வைத்தார். கடைசியில், "இனிமே சைட் விசிட் நக்கோ மேடம், வேண்டாம். வேலையைப் பத்திக் கவலைப்படாதீங்க. ஆனா மல்லாபூருக்கு ஒருதடவை நீங்க நேர்ல வந்து சொல்லணும். நானும் வரேன்" என்றார். பிறகு சபீனா பக்கம் திரும்பி, "சாரிம்மா" என்றார்.

வெளியே வந்ததும் சபீனா வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என் தங்கச்சி பத்திரிகையை நீட்டிக்கிட்டு நின்னேனே, அன்னிக்கும் இதானா?"

"தெரியல சபீனா. நீங்க வந்ததே எனக்குத் தெரியல. மறுநாள்தான் பத்திரிகையைப் பார்த்தேன்."

"பார்த்த பிறகாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? எங்க ஆளுங்கன்னு ஒதுக்குறீங்கன்னு நெனச்சேன். வீட்ல போய் அழுதேன் தெரியுமா? ஒரு வருஷம் அப்படியே நெனச்சுக்கிட்டு இருந்தேன்." அவள் ஒரு அடி நெருங்கினாள். "சனிக்கிழமை சார் கேட்டப்ப உங்களுக்குத் தெரியும்ல, நீங்கதான்னு?"

"தெரியும்."

சபீனா தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மல்லாபூரில் அவள் எல்லோர் முன்னாலும் நிரலையும் கண் விஷயத்தையும் சொல்லி முடித்தாள்; தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. இனி வெளியாட்கள் யாரும் பென் டிரைவோடு உள்ளே வரக்கூடாது என்றும், இந்த அம்மா பரிசோதனைக்கூடத்துக்குள் வரவே கூடாது என்றும் சொன்னார். முரளி தலையசைத்துக்கொண்டே இருந்தார். அவர்கள் தொடர்ந்து பேசியபோது வசந்தகுமாரி தாழ்வாரத்துக்கு வந்து நின்றாள். யாரோ நேர் எதிரே வந்து நின்றார்கள். ஜேம்ஸ்.

அவர் மெட்டுகுடா ரயில்வே காலனித் தமிழர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

"நான்தாம்மா பாஸ் போட்டது" என்றார். "எழுத்து பெருசா இருந்ததா, நல்லா படிக்க முடியுதேன்னு குஷியா போட்டுக்கிட்டே போயிட்டேன். சிவப்பு இல்லைங்கறதே தோணல. மெமோ குடுத்துட்டாங்க. முப்பது வருஷத்துல மொதல் மெமோ."

"என்னாலதான் சார். மன்னிச்சுக்குங்க."

"உன்னாலதான்" என்று அவர் ஒத்துக்கொண்டார். கோபம் இல்லாமல், ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோலச் சொன்னார். பிறகு கேட்டார்: "கண்ணு பூரா போயிடுமாம்மா?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. டாக்டர்கள் சதவீதம் சொன்னார்கள். முரளி, கவலைப்படாதீங்க என்றார். அவளுமே தன்னை அப்படிக் கேட்டுக்கொண்டதில்லை.

"போயிடும்னுதான் நெனைக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டு, தாழ்வாரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஜேம்ஸ் கூடவே நின்றார். உள்ளே யாரோ கூப்பிட்டதும் போனார்.

சபீனாவின் வேலை நிரந்தரமானது. தொழிற்சாலைகளுக்கு இனி அவள்தான் போக வேண்டும் என்றானதால், வசந்தகுமாரி எழுதிய பழைய நிரல்களைப் படிக்கவும் தொடங்கினாள். சந்தேகம் வந்தால் மேஜைக்கு நேர் எதிரே வந்து நின்று கேட்பாள். பதில் கிடைத்ததும் போய்விடுவாள். வசந்தகுமாரி தன் சின்ன நிரலையும் திருத்தினாள். இப்போது அது எதையும் மாற்றுவதற்கு முன்னால், பழைய மதிப்புகளை ரெஜிஸ்ட்ரியிலேயே தனி இடத்தில் எழுதி வைக்கும். அந்த இடத்தில் ஏற்கனவே ஏதாவது இருந்தால், போன முறை பாதியில் நின்றிருக்கிறது என்று புரிந்துகொண்டு முதலில் அதைத் திரும்ப வைக்கும். படித்துப் பார்க்கச் சபீனாவிடம் கொடுத்தாள். சபீனா இரண்டு பிழைகள் கண்டுபிடித்து, சிரிக்காமல் சுட்டிக்காட்டினாள்.

அலுவலகமும் மாறியது. தலைக்கனம் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக, காது கேட்காதவளிடம் பேசுவதுபோல உரக்கப் பேசினார்கள். அவள் எழுந்தால் யாராவது ஓடிவந்து முழங்கையைப் பிடித்தார்கள். டீயைக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். கூட்டமாகச் சிரித்துக்கொண்டிருப்பவர்கள் அவள் பக்கத்தில் வந்ததும் அடங்கினார்கள். முன்பு தன்னை விட்டு விலகி நடந்தவர்களிடம் அவளுக்கு ஒரு சுதந்திரம் இருந்தது. இவர்களிடம் அதுவும் இல்லை.

தை பிறந்ததும் கண் விஷயத்தைத் தம்பியிடம் சொன்னாள். மறுமுனையில் ஓசையே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று, "பாலா?" என்றாள்.

"இருக்கேன்க்கா." அவன் போனோடு வெளியே வரும் சத்தம் கேட்டது. "இத்தன வருஷமா ஏன்க்கா சொல்லல? நான் செத்தா போயிட்டேன்?" அழுதான். அவளும் அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "கரூர்க்காரங்க விஷயம் முடியற வரைக்கும்... வேற யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்க்கா. தப்பா எடுத்துக்காத."

"அதுக்குத்தானேடா சொல்லாம இருந்தேன்" என்றாள்.

மூத்தவளின் கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். "கூட்டத்துல நீ சிரமப்படுவியேக்கா" என்றான் பாலச்சந்திரன். வா என்கிறானா, வராதே என்கிறானா என்று அவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் தவறாமல் வந்தது. "சாப்டியா" என்பதற்குப் பின்னால் "கண்ணு எப்படி" என்று ஒன்று சேர்ந்துகொண்டது. "அப்படியேதான்" என்பாள்.

மாசியில் ஒருநாள் வேலை இழுத்துவிட்டது. நிமிர்ந்தபோது சன்னல் கறுத்திருந்தது. மூலையில் உட்கார்ந்து, எப்படிப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். சபீனா நேர் எதிரே வந்து நின்றாள்.

"ஹப்சிகுடா மெட்ரோ வரைக்கும் வரேன். எனக்கும் அந்தப் பக்கம்தான் வேலை."

வேலை இல்லை என்று இருவருக்குமே தெரியும். ஷேர் ஆட்டோவில் போனார்கள். நிலையத்தில் சபீனா அவள் கையைப் பிடிக்கவில்லை. அரை அடி முன்னால் நடந்துகொண்டு, "படி", "இங்க திரும்பணும்", "ஆளு வராங்க" என்று தன் போக்கில் சொல்லிக்கொண்டே போனாள். ரயில் பெட்டிக்குள் ஏற்றிவிட்டு, "அமீர்பேட்ல மாறும்போது லிஃப்ட்ல போங்க அக்கா" என்றாள். கதவு மூடியது. அக்கா என்றதைத் தெரிந்து சொன்னாளா, வாய் தவறிச் சொன்னாளா என்று யோசித்துக்கொண்டே வசந்தகுமாரி குகட்பள்ளி வரை நின்றுகொண்டு போனாள். நிலையத்திலிருந்து வீடு வரை சுவரைத் தடவித் தடவித் தனியாகத்தான் நடந்தாள். இரண்டு இடத்தில் இடித்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளைக் கணினியில் போட்டாள். கண் மருத்துவமனையில் எப்போதோ சொன்னதுதான். இதுவரை அதன் பக்கம் போகவே பயந்திருந்தாள். ஒரு துண்டை எடுத்துத் திரைமேல் போட்டு மூடினாள். தான் எழுதிய நிரலைத் திறந்து கேட்டாள். அடைப்புக்குறி, அரைப்புள்ளி, சாய்கோடு என்று ஒன்றுவிடாமல் அந்த இயந்திரக் குரல் மூச்சுவிடாமல் ஒப்பித்தது. ஒன்றும் புரியவில்லை. வேகத்தைக் குறைத்து மறுபடி கேட்டாள். நிரலின் தலைப்பில் எழுதியவர் பெயர் வரும் இடத்தில் அது திக்கித் திணறி, 'வசந்த் தாக்கு மாரி' என்றது.

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரிப்பு அந்த அறையில் பெரிதாகக் கேட்டது. சபீனாவிடம் சொன்னால் அவளும் சிரிப்பாள் என்று தோன்றியது. போனை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு இருப்பாள் என்று நினைத்துக் கீழே வைத்தாள். பிறகு நிரலின் முதல் வரிக்குப் போய், அந்த இயந்திரக் குரலை மறுபடி படிக்கச் சொன்னாள்.